தேத்தண்ணிச் செலவுக்குள் ஒளிந்திருக்கும் மொழிபெயர்ப்பு

பஸ் ஆசனத்துக்கு மேல் "கர்ப்பிணித் தாய்மார்" என்று எழுத வெளிக்கிட்டு "நாய்மார்" என்று எழுதிவிட்ட பலகையின் படம், கொழும்பில் கைத்தொலைபேசி வைத்திருக்கிற தமிழர் அனேகரிடம் ஒரு தடவையாவது வந்து போயிருக்கும். சிரித்தோம், கொதித்தோம், நாலு பேருக்கு அனுப்பினோம். உண்மையில் அந்தப் பிழையால் பெரிய கேடு வராது. பார்த்தவுடன் பிழை என்று தெரிகிறது, யாரோ ஒருவர் போய்த் திருத்தலாம். கேடு செய்வது சரி போலவே காதில் விழுகிற மொழிபெயர்ப்பு. அதை யாரும் படம் பிடிப்பதில்லை.

இனங்களுக்கிடையிலான உரையாடல் என்று ஒரு செயலமர்வு நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவுசெலவுத் திட்டத்தில் மண்டப வாடகைக்கு ஒரு வரி, தங்குமிடத்துக்கு ஒரு வரி, வளவாளர் கொடுப்பனவுக்கு ஒரு வரி இருக்கும். மொழிபெயர்ப்பைத் தேடினால் "தேநீர், காகிதாதிகள், ஏனையவை" என்ற வரிக்குள் அகப்படும். "எங்கட பொடியன் ஒருத்தனுக்கு இரண்டு மொழியும் தெரியும், அவன் பார்த்துக்கொள்வான்" என்பதுதான் ஏற்பாடு. அந்தப் பொடியன் காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் நாலு வரை தனியாளாகக் கதைத்துக் களைத்துப் போவான். மூன்றாவது மணித்தியாலத்தில் ஒருவர் ஐந்து நிமிடம் சொன்னதை "இவர் சமாதானம் வேணும் எண்டு சொல்லுறார்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவான். அந்த ஐந்து நிமிடத்துக்குள் என்ன இருந்தது என்று எதிரில் இருந்தவருக்குத் தெரியவே போவதில்லை.

தண்ணீரை 60க்கு 40 என்று பிரிக்கலாம். காணியை அளந்து வேலி போடலாம். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை அப்படிப் பிரிக்க முடியாது. நீடித்த சமூக முரண்பாடுகளைப் பற்றி எட்வர்ட் அசார் என்ற ஆய்வாளர் எழுதியதன் சாரமும் இதுவே: இந்த வகைச் சண்டைகளுக்குள் கிடப்பது அங்கீகாரம், பாதுகாப்பு, பங்கேற்பு என்ற தேவைகள். அவற்றைப் பேரம் பேசி அரைவாசியாக்க இயலாது. அங்கீகாரம் கொடுக்கப்படுவதும் மறுக்கப்படுவதும் சொல்லால். அப்படியென்றால் அந்த மண்டபத்தில் பேரம் போகிற சரக்கே சொல்தான். அதைத்தான் "ஏனையவை"க்குள் போட்டு வைத்திருக்கிறோம்.

ஒரு சொல், மூன்று நாடு

"ஜாதி" என்ற சொல்லை எடுங்கள். தமிழில் சாதி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சிங்களத்தில் "ஜாதிய" என்றால் இனம், தேசம். "ஜாதிக" என்றால் தேசிய. "ஜாதிவாதய" என்றால் இனவாதம். அரைகுறைச் சிங்களம் தெரிந்த தமிழ்ப் பங்கேற்பாளர் ஒருவர், எதிரில் இருப்பவர் "ஜாதிவாதய" என்றதும் சாதியைப் பற்றிக் கதைக்கிறார் என்று நினைத்து, "எங்களுக்குள்ளே இருக்கிற பிரச்சினையை நீங்கள் ஏன் இழுக்கிறீர்கள்" என்று பாய்வதற்கு இடமுண்டு. இன்னொரு முடிச்சும் இருக்கிறது. சிறுபான்மையினரைக் குறிக்கும் "சுளு ஜாதீன்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் "சிறிய இனங்கள்" என்று வரும். தமிழில் "சிறுபான்மை" என்பது எண்ணிக்கையைச் சொல்கிறது, சிங்களச் சொல்லோ அளவையே அந்த மக்களின் குணமாக்கிவிடுகிறது. சொன்னவர் மனதில் அப்படி ஒன்றும் இராமல் இருக்கலாம்.

இதே சொல் வங்காளதேசத்தில் வேறு வேலை செய்கிறது. சிட்டகாங் மலைப்பகுதி ஒப்பந்தம் 1997 டிசம்பர் 2 அன்று கையெழுத்தானபோது மலைவாழ் மக்களைக் குறிக்கப் பாவித்த சொல் "உபஜாதி". துணை இனம் என்று பொருள். அந்த மக்களின் அமைப்புகள் கேட்பது "ஆதிவாசி" என்ற சொல்லை. 2011இல் அரசியலமைப்பின் 15ஆம் திருத்தம் வந்தபோதும் "உபஜாதி", "சிறிய இனக்குழு" போன்ற சொற்கள்தான் உள்ளே போயின. காணி ஆணைக்குழுவுக்கு 2001இலேயே சட்டம் வந்துவிட்டது, 2016இல் அதைத் திருத்தவும் செய்தார்கள். அப்படியிருந்தும் காணிப் பிணக்குகள் தீரவில்லை. அதற்கும் பெயருக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. பூர்வ குடி என்று ஏற்றுக்கொண்டால் காணியின் மேலான உரித்தும் பின்னால் வரும். "துணை இனம்" என்ற பெயரோடு அது வராது. நேபாளத்திலோ "ஜாத்" என்றால் சாதி, "ஜனஜாதி" என்றால் பூர்வ குடி இனங்கள். அங்கே 2002இன் சட்டம் 59 இனக்குழுக்களுக்கு அந்தப் பெயரில் அங்கீகாரம் கொடுத்தது. மேலே அழுத்துகிற சொல் ஓரிடத்தில், தூக்கி நிறுத்துகிற சொல் மற்றோரிடத்தில்.

மியன்மாரின் ராக்கைன் மாநிலம் பற்றிய ஆலோசனை ஆணைக்குழு கோஃபி அனான் தலைமையில் தனது இறுதி அறிக்கையை 2017 ஓகஸ்ட் 24 அன்று வெளியிட்டது. அந்த மாநிலத்து முஸ்லிம்களைக் குறிக்க அதில் "ரோஹிங்கியா" என்ற சொல்லையும் பாவிக்கவில்லை, "பெங்காலி" என்ற சொல்லையும் பாவிக்கவில்லை. ஆங் சான் சூகியின் வேண்டுகோளின் பேரில் "முஸ்லிம்கள்" என்று எழுதினார்கள். நடுநிலை என்று அதைச் சொல்லலாம். தன் பெயரைச் சொல்லவே கூடாது என்று ஒரு கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு அவர்களுடைய உரிமையைப் பற்றி எழுதுவது எப்படி நடுநிலையாகும் என்றும் கேட்கலாம். எனக்கு இரண்டாவது கேள்விதான் கனமாகப் படுகிறது.

எங்கள் வீட்டுச் சொற்கள்

இலங்கையில் உரையாடல் மேசையில் வந்து முட்டுகிற சொற்கள் அவ்வளவு அதிகமில்லை. முப்பது, நாற்பதுக்குள் அடங்கும். சிலவற்றைச் சொல்கிறேன்.

"காணாமல் போனோர்" என்றால் தானாகப் போனவர் போலிருக்கிறது. தாய்மார் கேட்பது "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்" என்ற சொல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய தொடர் போராட்டங்களின் பதாகைகளில் இருப்பது இந்த இரண்டாவது வடிவம். 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இருப்பதோ "காணாமற்போன ஆட்கள்". சிங்களத்தில் "அத்துருதஹன்" என்ற ஒரு சொல்லே இரண்டுக்கும் ஓடும். ஆகவே தாய் ஒருவர் "ஆக்கப்பட்ட" என்று அழுத்திச் சொல்வதை உரைபெயர்ப்பாளர் வெறும் "அத்துருதஹன்" என்று கொடுத்தால், அவர் சொல்ல வந்த குற்றச்சாட்டே கழன்று விழுந்துவிடும். "பலாத்காரமாக" என்று பொருள்படும் சிங்களச் சொல்லையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

"தாயகம்" என்று தமிழர் சொன்னால் வடக்கு கிழக்கு. அதைச் சிங்களத்தில் "மவ்பிம" என்றால் முழு நாடும் வந்துவிடும், சொன்னவர் என்ன கேட்கிறார் என்றே விளங்காது. "நிஜபிம" என்றால் பொருள் நெருங்கும், ஆனால் அந்தச் சொல்லோடு பிரிவினைப் பயமும் சேர்ந்தே மண்டபத்துக்குள் வரும். இங்கே சரியான சொல் என்று ஒன்று கிடையாது. எதைப் பாவித்தாலும் ஒரு வசன விளக்கம் கூடவே போக வேண்டும்.

"ஜனாஸா"வை மொழிபெயர்க்கவே கூடாது. கொவிட் காலத்தில் 2020 மார்ச்சிலிருந்து 2021 பெப்ரவரி வரை கட்டாயத் தகனம் நடந்தபோது முஸ்லிம்கள் பட்ட வேதனையை "சடலத்தை எரித்தார்கள்" என்று கொடுத்தால் அது சுகாதாரப் பிரச்சினை போல ஒலிக்கும். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுது, அடக்குவது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது.

பெரிய சொல் "ஏகீய". நடைமுறை அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை சிங்களத்தில் "ஏகீய ராஜ்ய" என்கிறது, தமிழில் "ஒற்றையாட்சி". புதிய அரசியலமைப்புக்காக 2017 செப்டம்பரில் வந்த வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை "ஏகீய" என்பதை அப்படியே வைத்துக்கொண்டு தமிழுக்கு "ஒருமித்த நாடு" என்று போட்டது. பிரிக்க முடியாத நாடு என்ற பொருளைத்தான் இரண்டும் தர வேண்டும் என்பது எண்ணம். நடந்தது என்ன? தெற்கில் "தமிழில் வேறு ஒன்றை எழுதி ஒளித்திருக்கிறார்கள்" என்றார்கள். வடக்கில் "சிங்களத்தில் பழைய ஒற்றையாட்சிதான் இருக்கிறது, நமக்குச் சொல்லை மட்டும் மாற்றிக் காட்டுகிறார்கள்" என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியைத்தான் பிடித்துத் தொங்கின. வேண்டுமென்றே மங்கலாக எழுதி இரு தரப்பையும் சமாளிக்கலாம் என்ற உபாயம் இரண்டு அரசாங்கங்களுக்கு இடையிலே சில வேளை பலிக்கும். இரு மொழியையும் வாசிக்கக்கூடிய பத்திரிகைக்காரர் உள்ள ஊரில் ஒரு கிழமைகூடத் தாங்காது.

இதில் சட்டத்தின் பக்கத்தையும் மறக்கக் கூடாது. எங்கள் நாடாளுமன்றச் சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டினால், சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையில் ஒவ்வாமை வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் வழமையாக இருக்கும். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையோ 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி என்கிறது. அந்த "உம்" எவ்வளவு பாரம் தாங்கும் என்பது கடைசிப் பிரிவில்தான் தெரியவரும்.

சொல்லை விட்டு இலக்கணத்துக்கு வந்தால் இன்னும் நுணுக்கம். சிங்களத்தில் "அபி" என்றால் நாம், நாங்கள் இரண்டும். "யுத்தத்தால் அபி துன்பப்பட்டோம்" என்று ஒரு சிங்களத் தாய் சொன்னால், எதிரில் இருக்கும் தமிழ்த் தாயையும் சேர்த்துச் சொன்னாரா, தன் ஊரை மட்டும் சொன்னாரா? பேச்சில் நாமும் "நாங்கள்" என்று இரண்டுக்கும் ஓட்டிவிடுகிறோம், ஆனால் உரைபெயர்ப்பில் "நாங்கள்" என்றவுடன் கேட்பவர் தன்னை வெளியே வைத்துக்கொள்வார். ஐயம் வந்தால் உரைபெயர்ப்பாளர் நிறுத்திக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியே சில வேளை அன்றைய நாளின் மிக நல்ல உரையாடலைத் தொடக்கிவிடும்.

யார் எந்தக் கதிரையில்

மொழியை வைத்து ஆட்களைப் பிரித்து இருத்துவது அமைப்பாளர் செய்கிற முதற் பிழை. "தமிழ்பேசும் குழு" என்று ஒரு மேசை போட்டு, யாழ்ப்பாணத் தமிழரையும் மலையகத் தமிழரையும் முஸ்லிம்களையும் அதில் இருத்துவார்கள். வசதிதான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் ஒருவரை, "தமிழ்பேசும் மக்கள்" என்ற பெயரில் தன் சார்பாகவும் இன்னொருவர் பேச விடுவது அந்த வசதியின் மறுபக்கம். 2002 யுத்த நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட தரப்புகள் இரண்டு: அரசும் புலிகளும். அதன்பின் 2003 மார்ச் வரை நடந்த ஆறு சுற்றுப் பேச்சுகளிலும் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு என்ற இடம் கிடைக்கவில்லை. மலையகத்தாருக்கு இது இன்னும் பழைய கதை. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவர் 975,000 பேரை 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, மிச்சம் 150,000 பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மேசையில் மலையகத்தாரின் சார்பில் ஒருவருக்கும் கதிரை இல்லை. இன்றைக்கும் பதிவுப் படிவத்தில் "இந்தியத் தமிழர்" என்று அச்சடித்துவிட்டு அவர்களை வரவேற்பது அதே வேலையின் சின்ன வடிவம். பெயரை அவர்களே எழுதட்டும், கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

அழைப்பிதழோடு இரண்டு கேள்விகளை அனுப்ப வேண்டும்: எந்த மொழியில் கதைக்க விரும்புகிறீர்கள்? எந்த மொழியில் வாசிப்பீர்கள்? இரண்டும் ஒன்றென்று நினைப்பது பிழை. கொழும்பில் சிங்கள மொழிமூலம் படித்த முஸ்லிம் இளைஞர்கள் வீட்டில் தமிழ் கதைப்பார்கள், தமிழ்க் கையேட்டைக் கொடுத்தால் மடித்து வைத்துவிடுவார்கள். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையான கரையோரக் கத்தோலிக்கரிலும் வீட்டில் தமிழ், பாடசாலையில் சிங்களம் என்று வளர்ந்தவர்கள் உண்டு.

திகதி விஷயத்தில் விரைவாகச் சொன்னால்: மே 18, 19 (யுத்த முடிவு நாட்கள்) இரண்டும் வேண்டாம், நவம்பர் 27 (மாவீரர் நாள்) வேண்டாம், ஏப்ரல் 21 (உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நாள்) வேண்டாம், போயா (பௌர்ணமி) வேண்டாம், நோன்பு மாதம் வேண்டாம். வெள்ளிக்கிழமை தவிர்க்க முடியாவிட்டால் 12.00 முதல் 1.45 வரை இடைவேளை. பிக்குமார் பகலுணவை நண்பகலுக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் அவர்களுக்கு 11.15க்கே தானம் ஏற்பாடாகியிருக்க வேண்டும். அதை மறந்துவிட்டு "லஞ்ச் ஒரு மணிக்கு" என்று போட்டால், தேரர்கள் பகல் முழுக்கப் பசியோடு இருப்பார்கள், அல்லது பாதியில் எழும்பிப் போவார்கள். போனதற்கு அரசியல் காரணம் கற்பிக்கப்படும்.

இருக்கை வட்டமாக இருக்கட்டும். பிக்குவின் கதிரையில் வெள்ளைத் துணி விரிக்காவிட்டால் சிங்களப் பங்கேற்பாளர்கள் சங்கடப்படுவார்கள். அவருக்கு மட்டும் விரித்தால் மற்றவர்கள் சங்கடப்படுவார்கள். வந்திருக்கும் மதகுருமார் எல்லாருக்கும் விரித்துவிடுங்கள், உயரம் மட்டும் எல்லாக் கதிரைக்கும் ஒன்றாக இருக்கட்டும். பேச்சிலும் இதே சிக்கல் உண்டு. தமிழ்த் தாய் ஒருவர் "நீங்கள் வந்து பாருங்கோ சாமி" என்று தேரரிடம் சொன்னால், சிங்களத்தில் வருவதற்கு "வெடம" என்ற தனிச்சொல் வர வேண்டும், விளிக்க "ஹாமுதுருவனே". உரைபெயர்ப்பாளர் சாதாரண வினையைப் பாவித்தால் மரியாதையாகப் பேசிய தாய் அவமரியாதை செய்தவராகிவிடுவார்.

இனி நேரக் கணக்கு. ஒன்பதிலிருந்து நாலு வரை என்றால், சாப்பாடு, தேத்தண்ணி, பிந்தி வருவது எல்லாம் போக ஐந்து மணித்தியாலம் கிடைக்கும். ஒருவர் பேசி முடிய மொழிபெயர்க்கும் முறையில் அது பாதியாகும்: 150 நிமிடம். 24 பேர் இருந்தால் ஆளுக்கு ஆறு நிமிடம். ஆறு நிமிடத்தில் யாரும் மனதிலிருப்பதைச் சொல்லமாட்டார்கள், மனப்பாடமாக வைத்திருக்கும் நிலைப்பாட்டைத்தான் சொல்வார்கள். அதனால் இந்த முறையென்றால் 12 பேருக்கு மேல் எடுக்க வேண்டாம், அல்லது ஒரு நாளை மூன்றாக்குங்கள். காதுக்குள் மெதுவாகச் சொல்லும் முறை இரண்டு, மூன்று பேருக்குத்தான் சரிவரும். அதற்கு மேல் போனால் பக்கத்திலிருப்பவருக்கு இரைச்சல்.

ஒலிக்கருவி வாடகைக்கு எடுத்து உடனுக்குடன் மொழிபெயர்ப்பதே நல்லது. ஒரு அறைக்கு இரண்டு பேர், 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். அதற்கு மேல் தனியாளாகப் போனால் தரம் விழும், விழுவது அவருக்கே தெரியாது. காதணிக்கருவி பற்றி ஒன்று: அனேகமாகத் தமிழர் மட்டும் மாட்டிக்கொண்டு இருப்பார்கள், ஏனென்றால் நிகழ்ச்சி சிங்களத்தில் ஓடும். இந்தக் காட்சியே ஒரு செய்தி. காலை அமர்வைத் தமிழில் நடத்துங்கள், பின்னேரம் சிங்களத்தில். எல்லாருக்கும் கருவி, எல்லாருக்கும் மாற்று மின்கலம். இரு மொழியும் தெரிந்தவர்களும் தங்கள் மொழியிலேயே கதைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஒத்துக்கொள்ளுங்கள். கொழும்புத் தமிழர் பலர் மரியாதைக்காகச் சிங்களத்துக்கு மாறிவிடுவார்கள். மாறியவுடன் அவர்களுடைய கருத்தின் கூர் மழுங்கிவிடும்.

உரைபெயர்ப்பாளருக்கு நிகழ்ச்சி நிரலும் ஆவணங்களும் ஐந்து நாளுக்கு முன்னரே போக வேண்டும். அவரோடு இருந்து சொற்பட்டியல் தயாரிக்க வேண்டும். மூன்று நிரல்களில் தமிழ், சிங்களம், ஆங்கிலம். நான்காவது நிரல்தான் முக்கியமானது: இந்தச் சொல் யாரைக் குத்தும்? "ரணவிரு" (சிங்களத்தில் போர்வீரர்), "மாவீரர்", "பயங்கரவாதி", "போராளி", "குடியேற்றம்", "சமஷ்டி" எல்லாம் அதில் வரும். சொன்னவர் குத்தும் சொல்லைச் சொன்னால் உரைபெயர்ப்பாளர் அதை மெழுகக் கூடாது. "பயங்கரவாதி" என்று சொன்னதை "ஆயுதக் குழு" என்று மாற்றினால் எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார், சொன்னவரோ தன் வார்த்தையை ஏற்றுக்கொண்டார் என்று நினைப்பார். பின்னேரம் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வந்து உண்மையைச் சொல்லும்போது நம்பிக்கை முழுக்கப் போய்விடும். எப்போதும் "நான்" என்றே மொழிபெயர்க்க வேண்டும், "அவர் சொல்லுறார்" என்று தூரத்தில் நின்றல்ல. சொல் சிக்கினால் கையைத் தூக்கி நிறுத்தும் உரிமை அவருக்கு வேண்டும், அதை எல்லார் முன்னிலையிலும் முதல் நாளே அறிவிக்க வேண்டும்.

அவரும் மனிதர், அவருடைய குடும்பமும் இந்த யுத்தத்துக்குள் இருந்திருக்கும். ஒரு தாயின் சாட்சியத்தை "நான்" என்று சொல்லிச் சொல்லி மொழிபெயர்ப்பது சாதாரண வேலையில்லை. ஒவ்வொரு பின்னேரமும் இருபது நிமிடம் அவர்களோடு இருந்து கதையுங்கள். அன்றைக்கு எந்தச் சொல்லில் தடுமாறினோம் என்ற குறிப்பு அப்போதுதான் கிடைக்கும், அறிக்கை எழுதுபவரின் குறிப்பைவிட அது பெறுமதியானது.

வதந்தியும் மொழியில்தான் பற்றுகிறது

2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கருத்தடை மாத்திரை என்று ஒருவர் சத்தம் போட்டார். கடையில் இருந்தவருக்குச் சிங்களம் மட்டுமட்டு. கேள்வி விளங்காமல், சுற்றி நின்ற கூட்டத்துக்குப் பயந்து அவர் சொன்ன பதில் ஒப்புக்கொண்டது போல வீடியோவில் பதிவானது. அந்த வீடியோ பேஸ்புக்கில் ஓடியது, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் சொன்னது பிறகு. ஒரு கிழமைக்குள் கண்டிப் பக்கம் தெல்தெனிய, திகன எரிந்தது. மார்ச் 6 அவசரகாலச் சட்டம், மறுநாள் சமூக ஊடகத் தடை.

இந்தோனேசியாவின் அம்பொனில் 2011 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் வாடகை ஓட்டுநர் ஒருவர் இறந்தபோது, கிறிஸ்தவர்கள் கொன்றுவிட்டார்கள் என்று முஸ்லிம் பகுதிகளில் குறுஞ்செய்தி பறந்தது. 1999இல் தொடங்கிய பெருங்கலவரத்தின் நினைவு மாறாத ஊர் அது. அங்கே இரு மதத்தாரும் கொண்ட ஒரு குழு தங்களுக்குச் "சமாதானத் தூண்டுவோர்" என்று பகிடியாகப் பெயர் வைத்துக்கொண்டு வேலை செய்தது. ஒரு தேவாலயம் எரிகிறது என்று செய்தி வந்தால், பக்கத்திலிருக்கும் ஆள் போய்ப் படம் எடுத்து அனுப்புவார், எரியவில்லை என்று. எளிய வேலைதான், ஆட்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருந்ததால்தான் அது ஓடியது.

கொழும்பில் கொட்டாஞ்சேனை, மாளிகாவத்தை, கொம்பனித்தெரு போன்ற கலந்த இடங்களில் இதைச் செய்ய ஐந்து தொலைபேசி எண்கள் போதும்: பள்ளிவாசல் செயலாளர், விகாரையின் தாயக சபையில் (உபகாரிகள் சபை) ஒருவர், கோவில் அல்லது தேவாலயப் பொறுப்பாளர், கிராம சேவகர், த்ரீவீலர் தரிப்பிடத்தில் செல்வாக்குள்ள ஒருவர். பொலிஸ் பொறுப்பதிகாரி மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார், அவரை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஐந்தாவது ஆளை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, கதை முதலில் போவதோ அங்கேதான். செய்தி வந்தால் குறைந்தது இரண்டு பேர், வேறு வேறு சமூகத்தவர், இடத்தைப் பார்த்த பிறகே எழுத வேண்டும். எழுதும்போது வதந்தியைத் தலைப்பாக்க வேண்டாம். "கடையில் மாத்திரை இல்லை" என்று எழுதினால் வாசிப்பவர் மனதில் நிற்பது மாத்திரை. "பின்னேரம் 5.10க்கு நாங்கள் இருவரும் கடைக்குப் போனோம், கடை திறந்திருக்கிறது, இதோ படம்" என்று நேரத்தோடு எழுதுங்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் போக வேண்டும். தமிழில் முதலில் போய்ச் சிங்களத்தில் அரை மணித்தியாலம் பிந்தினால் அதுவே இன்னொரு வதந்தியாகிவிடும்.

எழுதி வைக்கும்போது

ஒஸ்லோவில் 2002 டிசம்பரில் அரசும் புலிகளும் ஒத்துக்கொண்டது, ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டிக் கட்டமைப்பின் அடிப்படையில் ஒரு தீர்வை "ஆராய்வது". மறுநாள் தலைப்புகளில் "ஆராய்வது" காணாமல் போனது. தெற்கில் ஒருவர் நாட்டைக் கொடுத்துவிட்டார் என்றும், வடக்கில் ஒருவர் இலட்சியத்தைக் கைவிட்டுவிட்டார் என்றும் ஒரே வசனம் இரண்டு விதமாகச் சுட்டது.

இந்தோனேசியாவின் ஆச்சேயைப் பற்றி அரசும் ஆச்சே விடுதலை இயக்கமும் 2005 ஜனவரி முதல் ஜூலை வரை ஐந்து சுற்று ஹெல்சிங்கியில் கதைத்தார்கள், பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரி நடுவில் இருந்தார். "விசேட சுயாட்சி" என்ற சொல் ஆச்சே விடுதலை இயக்கத்துக்கு ஆகாது, ஜகார்த்தா ஏற்கெனவே கொடுத்து மதிப்பிழந்த சொல். "சுதந்திரம்" ஜகார்த்தாவுக்கு ஆகாது. "சுய அரசாங்கம்" என்ற சொல் கதவைத் திறந்தது. ஓகஸ்ட் 15 அன்று கையெழுத்தான உடன்படிக்கையில் எண்கள் தெளிவாக இருந்தன: 3,000 போராளிகள், 840 ஆயுதங்கள், ஆண்டு முடிவு தவணை, எஞ்சி நிற்கும் இராணுவம் 14,700, பொலிஸ் 9,100. எண்ணக்கூடியவை தவணைக்குள் நடந்தன. உண்மை ஆணைக்குழு என்ற வரிக்குத் தவணை இல்லை, ஆணையாளர்கள் வந்தது 2016இல். எண்ணும் ஏமாற்றும்: உண்மையான போராளிகள் 3,000ஐவிடப் பல மடங்கு. கொடுப்பனவு 3,000 பேர் கணக்கில் வர, தளபதிகள் அதைப் பிய்த்துப் பிய்த்துப் பலருக்குக் கொடுக்க, கையில் கிடைத்தது சொற்பம்.

மிண்டனாவோவைப் பற்றி அரசும் மோரோ முஸ்லிம் போராளிகளும் 2008 ஓகஸ்ட் 5 அன்று கோலாலம்பூரில் கையெழுத்திட இருந்த உடன்படிக்கையை முதல் நாள் பிலிப்பைன்ஸ் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. ஒக்டோபரில் அது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பு. பாதிக்கப்படும் மக்களைக் கேட்கவில்லை என்பது ஒரு காரணம், மணிலாவோடு "கூட்டுறவு உறவு" என்ற சொல் தனிநாட்டுக்கு வழி என்பது மற்றது. மீண்டும் சண்டை, இலட்சக்கணக்கில் இடப்பெயர்வு. 2012 கட்டமைப்பு ஒப்பந்தத்தில் அதே இடத்தில் "சமச்சீரற்ற உறவு" என்று வந்தது. மோரோ அல்லாத பழங்குடியினர் பங்சமோரோ (மோரோ தேசத்தவர்) என்ற அடையாளத்தை ஏற்பதா இல்லையா என்பது அவர்களுடைய தெரிவு என்றும் எழுதினார்கள். ஆயுதத்தைக் குறித்து "சரணடைதல்" என்ற சொல்லே 2014 உடன்படிக்கையில் இல்லை, "பாவனைக்கு அப்பால் வைத்தல்" என்றார்கள்.

நாடளவில் இப்படியென்றால் ஒழுங்கை அளவிலும் முறை இதுதான். "மதத் தலங்களுக்கு மதிப்பளிப்போம்" என்று எழுதுவது கடதாசிக்கு நட்டம். 1915 சிங்கள முஸ்லிம் கலவரத்துக்கு முந்திய கம்பளைப் பெரஹரா (பௌத்த ஊர்வலம்) வழக்கு முழுவதும், பள்ளிவாசலுக்கு முன் மேளம் அடிக்கலாமா என்பதைப் பற்றியதுதான். எத்தனை மணி, எந்தச் சந்தியிலிருந்து எந்தச் சந்தி வரை, ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கும், மீறினால் யார் யாருக்கு முதலில் தொலைபேசி எடுப்பது என்று எழுதுங்கள். தமிழில் ஒருவரும் சிங்களத்தில் ஒருவரும் தனித்தனியே எழுதட்டும், ஒன்றைப் பார்த்து மற்றதை மொழிபெயர்க்க வேண்டாம். பிறகு மண்டபத்தில் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் இரண்டையும் எதிர்மொழிக்கு மாற்றட்டும். வேறுபடும் இடங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மீண்டும் மேசைக்குக் கொண்டுவாருங்கள். பன்னிரண்டு வசனமுள்ள ஒரு பக்கத்துக்கு அரை நாள் பிடிக்கும். இரு பிரதிக்கும் சம வலு என்று எழுதி, ஒவ்வொருவரும் தனக்கு வாசிக்க முடியாத பிரதியிலும் கையெழுத்திட வேண்டும்.

தேத்தண்ணிக்கு வருவோம். மேசையில் சொல்லாததை ஆட்கள் தேத்தண்ணி நேரத்தில் சொல்வார்கள், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஓரமாக நின்று. அந்த நேரம் பார்த்து உரைபெயர்ப்பாளர் இருவரும் களைப்போடு ஒரு மூலையில் போய் உட்கார்ந்திருப்பார்கள், அது அவர்களுடைய நியாயமான ஓய்வு. ஆகையால் மூன்றாவது ஆளை எடுங்கள். அவருக்கு அறையில் வேலையில்லை, தேத்தண்ணியைப் பத்து நிமிடம் முந்தியே குடித்துவிட்டு மேசைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் வேலை. இடைவேளையைப் பதினைந்து நிமிடம் என்று போடாமல் முப்பது என்று போடுங்கள், சீனி போட்டதும் போடாததும் தனித்தனிப் பாத்திரத்தில் இருக்கட்டும், கதிரைகளை மட்டும் அந்தப் பக்கம் வைக்க வேண்டாம்.